கைதட்டியின் திக்விஜயம்

நம்ம செட்டு ஆட்களே, ஊர் திரும்பின நாளிலிருந்து நீங்கள் என்னை விடவில்லை. காலை நடையில் ஒருத்தர், டீக்கடை பெஞ்சில் ஒருத்தர், ரேஷன் கடை வரிசையில் ஒருத்தர் என்று மாற்றி மாற்றி ஒரே கேள்வி: "மூணு மாசம் பிரேசில்ல இருந்தியே, அங்க இன்னாதான் பண்ண?"

கைதட்டினேன் என்று சொன்னால் சிரிக்கிறீர்கள். மேற்கொண்டு விளக்கலாம் என்று வாயைத் திறந்தால், என் குரல் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது. மீதியை நீங்களே இட்டுக்கட்டி, மாலைக்குள் பஜார் முழுக்கப் பரப்பிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் குரல் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மழையில் நனைந்த கோழிக்குஞ்சு, காய்ச்சலும் கண்டால் எப்படிக் கூவுமோ அப்படி. இந்தக் குரலை வைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் கண்டக்டராகக் காலம் தள்ளினேன் என்றால், அந்தப் பெருமை விசிலுக்கும் என் உள்ளங்கைக்கும் சேர வேண்டியது. நான் சொல்லும் "ரைட்" டிரைவர் காதுவரை போகாது. பஸ்ஸின் பக்கத்துத் தகரத்தில் கையால் ஓங்கி ஓர் அறை கொடுத்தால்தான் வண்டி நகரும். தூங்கின குழந்தைகள் எல்லாம் அந்தச் சத்தத்தில் எழுந்து அழும். "இந்தாளு வாய்க்கு வர வேண்டிய சத்தம் வழி தவறிக் கைக்குப் போயிட்டுது" என்று ஒரு டிரைவர் சொல்வார்.

என் மகள் இருப்பது சாவோ பாவ்லோ என்கிற பெரிய நகரத்துக்கு வெளியே. விமான நிலையத்திலிருந்து காரில் போய்க்கொண்டே இருந்தோம். மாடிக் கட்டடங்கள் முடிந்தன, பாலங்கள் முடிந்தன, செம்மண் மேடு வந்தது, மேட்டின் மேல் ஓட்டு வீடுகள் வந்தன. அந்தப் பேட்டையின் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. வீட்டுக்கு வீடு ஆள் உயரக் கம்பி கேட். கேட்டுக்குப் பின்னால் கொய்யா மரம், மாமரம், புல்தரை. தெருவில் ஒரு மனுஷன் கிடையாது.

அமைதி என்றால் அப்படியொரு அமைதி. நம் பஸ் ஸ்டாண்டுச் சத்தத்தில் ஊறின காது இது. அங்கே முதல் வாரம் காது அடைத்துக்கொண்டது போலவே இருந்தது. ரெண்டு தடவை விரலை விட்டுக் குடைந்து பார்த்தேன். காலையில் யாரோ புல் வெட்டும் வாசனை, எதிர்வீட்டிலிருந்து காப்பி வாசனை, சாயங்காலம் மழை பெய்து செம்மண் வாசனை. வாசனை எல்லாம் வந்தது, ஆள் மட்டும் வரவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு நாலு நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தாம் நாள் ஒருத்தன் வந்தான். எழுந்து நின்று ரெண்டு கையும் கூப்பிக் கும்பிட்டேன். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவன் அவன். மிரண்டுபோய் அளவைக் குறிக்காமலே போய்விட்டான்.

நாங்கள் ஊர் சுற்றப் போகவில்லை. மகளுக்கு ஏழாம் மாதம். என் சம்சாரம் செஞ்சி பஜாரிலேயே கண்ணாடி வளையல் டஜன் டஜனாக வாங்கி, புடவைக்குள் புடவையாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கடல் தாண்டி ஒரு வளையல்கூட உடையவில்லை. அதே பெட்டியில் இருந்த என் மூக்குக்கண்ணாடிதான் உடைந்தது.

வளையலைப் பார்த்ததும் மகள் சிரித்தாள். "எம்மா, யாரு வந்து போடப் போறாங்க? நீ ஒருத்தி இருக்கற. அடுத்து அப்பாதான். அவருக்குப் பொட்டு வச்சி உட்கார வச்சிரலாமா?"

"ஏன், அக்கம்பக்கத்துல பொம்பளைங்களே இல்லியா?"

"இருக்காங்க. ரெண்டு வருஷமா இருக்கறேன், ஒருத்தர் மூஞ்சி தெரியாது. வந்த புதுசுல போயி பெல் அடிச்சேன், யாரும் கதவத் தொறக்கல. பொங்கலுக்கு 'வீட்டுக்கு வாங்க'ன்னு அட்டை எழுதி எல்லார் வீட்டுப் பெட்டியிலயும் போட்டேன். ஒரு ஈ காக்கா வரல. நாங்க ரெண்டு பேருமே ஒரு பானை பொங்கலயும் தின்னோம். உடும்மா. லேப்டாப்புல வீடியோ போட்டு முடிச்சிரலாம்."

"வீடியோவுல வளையல் மாட்ட முடியுமாடி? உள்ள இருக்கற புள்ள கேட்கற மொத சத்தம் நாலு பொம்பளைங்க கைவளையல் சத்தமா இருக்கணும். உனக்கு அப்பிடித்தான் இருந்துது."

மகள் மறுபடி சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போனாள். உள்ளே குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. முகம் கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டாம் என்பது எனக்கும் தெரியும், சம்சாரத்துக்கும் தெரியும். நாங்கள் இருவரும் வளையலை எண்ணுவது போல் குனிந்துகொண்டோம்.

மறுநாள் காலை சம்சாரம் ஜவ்வரிசி காய்ச்சினாள். "ஆள் வருதோ வரலியோ, வளைகாப்புன்னா எலையில வடகம் இருக்கணும்" என்று முன்வாசல் சிமெண்டுத் தரையில் வெள்ளை வேட்டியை விரித்து வடகம் பிழிந்தாள். வேட்டி என்னுடையது. பிழிந்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சும்மாதான குந்தினு இருக்கறீங்க? காவலுக்கு இருங்க. பழைய உத்தியோகம்தான?"

சுருக்கென்றது. பழைய உத்தியோகம்தான். அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

எனக்கு ஒன்பது வயசு. முழுப்பரீட்சை லீவு. கோட்டை மலைக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் வேர்க்கடலை, நம் பேச்சில் மல்லாட்டை, போட்டிருந்தது. காய் முற்றிப் பிடுங்குவதற்கு முந்தின நாட்கள்தான் ஆபத்தானவை. வெயிலில் மலைமேல் ஒன்றும் கிடைக்காமல் குரங்குக் கூட்டம் இறங்கிவரும். நம்மைவிட நேர்த்தியாகச் செடியைப் பிடுங்கும், மண்ணை உதறும், காயை உடைத்துப் பருப்பை மட்டும் தின்றுவிட்டுத் தோலை நம் பக்கம் எறியும்.

அதற்கு முந்தின வருஷம்வரை காவல் என் அக்காவுடையது. அவள் வரப்பில் நின்று "ஓஓய்" என்றால் குரங்கு மட்டுமில்லை, ரோட்டில் போகிற சைக்கிளும் நிற்கும். அந்த லீவில் அவள் பெரியவளாகி, வாசலில் ஓலைக் குச்சு கட்டி உட்காரவைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் நைனா என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க, ஒரு சத்தம் குடு பார்க்கலாம்."

கொடுத்தேன்.

"இன்னும் தொறக்கலியா வாய?" என்றார்.

"தொறந்து மூடிட்டேன் நைனா."

ஒரு நசுங்கின டால்டா டப்பாவையும் ஒரு குச்சியையும் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார். முதல் நாளே குரங்குக்கூட்டத்தின் தலைவன் என்னிடமிருந்து அந்த டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு பாறைமேல் ஏறிவிட்டது. அது தட்டினபோது நான் தட்டினதைவிடத் தாளம் நன்றாக இருந்ததைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.

டப்பா போனபின் மிச்சம் இருந்தது ரெண்டு கை. வயலின் மேற்கு ஓரத்தில் யானை படுத்திருப்பது போல ஒரு பாறை. அதன் மேல் ஏறி நின்று, உள்ளங்கையைக் குழித்து, காற்றை உள்ளே பிடித்து ஒரு தட்டுத் தட்டினேன். டப்! குரங்குகள் நிமிர்ந்தன. அப்புறம், நான் மூச்சு விடுகிற நேரத்துக்குப் பின்னால், எதிரே இருந்த ராஜகிரி மலை தட்டியது. டப்!

குரங்குகள் பாவம். முன்னால் ஒரு தட்டு, பின்னால் ஒரு தட்டு. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடின. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம்! கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத ஊரில், நான் ஒரு சத்தம் போட்டு மலையே பதில் சொல்கிறது. அந்தப் பாறையில் நின்றால்தான் வரும். ரெண்டு அடி தள்ளினால் வராது. உடனே வராது, கொஞ்சம் தாமதம். ஆனால் வராமல் இருக்காது. பகல் முழுக்கத் தட்டுவேன், காதைக் கொடுப்பேன், பதில் வந்ததும் சிரிப்பேன். சுடுகிற பாறையில் கால் மாற்றி மாற்றி நின்று உள்ளங்கால் தோல் உரிந்தது. அதுவும் தெரியவில்லை.

தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசித்தால் எனக்கே பயமாக இருக்கிறது. உச்சிவெயிலில் ஒரு பையன் பாறைமேல் தனியாக நிற்கிறான். மலையைப் பார்த்துக் கைதட்டுகிறான். எதையோ உற்றுக் கேட்கிறான். பிறகு சிரிக்கிறான். போதாததற்கு, வீட்டு வாசலில் நின்ற அம்மாவின் காதில் விழுந்தது ரெண்டு தட்டு.

"புள்ள ஒருத்தன்தான் இருக்கறான், தட்டறது ரெண்டு பேரு!" என்று அம்மா அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

குச்சுக்குள்ளிருந்து அக்கா கத்தினாள். "எம்மா, அது மலை தட்டுதும்மா!"

"நீ சும்மா கெட. மலைக்கு ஏதுடி கையி?"

அன்று சாயங்காலமே பூசாரி வந்தார். வேப்பிலைக் கொத்து, திருநீறு, உடுக்கை. என்னை மணையில் உட்கார வைத்து, தலைமயிரை ஒரு கொத்தாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"யாரு நீ?"

என் பெயரைச் சொன்னேன்.

"பார்த்தீங்களா? புள்ள பேரையே சொல்லுது. கெட்டிக்காரப் பேயி. எந்த ஊரு?"

"செஞ்சி."

"உள்ளூர்ப் பேயிதான்" என்றார் நைனாவிடம், கொஞ்சம் நிம்மதியாக. "இன்னா கேட்கற? இன்னா குடுத்தா போவ?"

இப்படி ஒரு கேள்வியை என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். "டீயும் பொறையும்" என்றேன். ஓடிப்போய் வாங்கிவந்தார்கள். தின்றேன். "இன்னும் இருக்குதா உள்ள?" என்றார். "இருக்குது. இன்னொரு பொறை" என்றேன். குச்சுக்குள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

கடைசியில் ஒரு செப்புத் தாயத்தைக் கறுப்புக் கயிற்றில் கோத்து என் கையில் கட்டிவிட்டுப் போனார். நான் மறுநாளும் பாறையில் ஏறித் தட்டினேன், மலையும் தட்டியது, ஒரு குரங்கு கிட்டே வரவில்லை. அந்த வருஷம் மல்லாட்டை எங்கள் களத்தில் அதுவரை கண்டிராத குவியலாய்க் குவிந்தது. நைனா அதைச் சுற்றிவந்து சொன்னது இதுதான்: "தாயத்து கட்டனதுலேர்ந்து ஒரு குரங்கு எறங்கல பாரு." பூசாரி வீட்டுக்கு ஒரு மூட்டை போயிற்று. எனக்கு ஒரு பிடி வந்தது. அதிலும் ரெண்டு சொத்தை.

தாயத்து அந்தப் பாறை இடுக்கில் விழுந்து அப்போதே தொலைந்தது. எனக்கு மட்டும் 'கைதட்டி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதைத்தான் நீங்கள் எல்லாம் இன்றுவரை கூப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள், மகராசன்களாக இருங்கள்.

ஆக, அதே ஆள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கைலியும் பனியனுமாக, பூமிக்கு அந்தப் பக்கத்தில் வடகத்துக்குக் காவல் உட்கார்ந்தேன். ஒன்பது வயசில் எந்த வேலையோ அதே வேலை. இடையில் பிரமோஷன் இல்லை.

அங்கேயும் வந்தது குரங்கு! கரண்டுக் கம்பி வழியாக ஓடிவந்து கொய்யா மரத்தில் குதித்தது. அதைக் குரங்கு என்று சொன்னால் நம் மலைக் குரங்குகள் மானநஷ்ட வழக்குப் போடும். அணில் உயரம். ரெண்டு காதிலும் வெள்ளைப் பஞ்சு செருகினது போல மயிர்க்கொத்து. அது சுவரில் இறங்கி, வேட்டிக்கு வந்து, ஈர வடகம் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, பிடிக்காமல் என் மேலேயே எறிந்தது. பின்னாலேயே குடும்பம் குடும்பமாக இறங்க ஆரம்பித்தன.

கை தானாக எழுந்தது. கேட்டருகே நகர்ந்து நின்றேன், உள்ளங்கையைக் குழித்தேன். டப்! டப்! டப்!

குரங்குகள் கம்பியேறி மறைந்தன. எனக்குப் பழைய பழக்கம் விடவில்லை. தட்டிவிட்டுக் காதைக் கொடுத்தேன். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் எதிர்வீட்டுத் தாழ்ப்பாள், டக். பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாள், டக். அதற்கும் அடுத்த வீட்டில் ஒன்று, டக்.

ரெண்டு வருஷமாக யார் மூஞ்சியும் தெரியாத தெருவில் வீட்டுக்கு வீடு கேட்டருகே ஆள் நிற்கிறது. ஒரு பெண் ஈரத்தலையில் துண்டோடு. ஒருத்தர் பாதி முகம் சவர நுரையோடு. எதிர்வீட்டம்மா, நெட்டையான நரைத்தலைக்காரி, நாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி நேரே என்னிடம் வந்து ஏதோ கேட்டாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அகப்பட்டுக்கொண்ட செஞ்சிக்காரன் இன்னா செய்வான்? சாப்பிட ஏதாவது கொடுப்பான். குனிந்து ஒரு வடகத்தைப் பிய்த்துக் கம்பி வழியாக நீட்டினேன். அந்தம்மா வாங்கி, காயாத ஈரத்தோடு அப்படியே வாயில் போட்டு மென்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பச்சைமிளகாய் சேர்மானம் அப்படி. என்றாலும் தலையை ஆட்டி, நன்றாக இருக்கிறது என்பதுபோல் கட்டைவிரலைக் காட்டினாள். நான், "ஏ இவளே!" என்று உள்ளே ஓடினேன். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

தெருவில் எழுந்த பேச்சுச் சத்தம் கேட்டு மகள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்தாள். "அப்பா! இன்னா பண்ணீங்க? தெருவே வந்து நிக்குது!"

"குரங்கு ஓட்டினேம்மா."

அவள் கேட்டருகே போய் எதிர்வீட்டம்மாவோடு பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள். சிரித்தாள். திடீரென்று கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுபடி சிரித்தாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"இங்க கேட்டுல வந்து நின்னு கைதட்டினா 'வீட்ல யாரு இருக்கறீங்க, வாங்க'ன்னு கூப்பிடறதாம்ப்பா. பெல் அடிச்சா எவனோ விக்க வந்திருக்கறான்னு எட்டிக்கூடப் பார்க்க மாட்டாங்களாம். பெட்டியில போட்ட அட்டையக்கூட ஏதோ விளம்பரம்னு தூக்கிப் போட்டுட்டாங்களாம். தெரிஞ்சவங்கதான் கைதட்டுவாங்களாம். ரெண்டு வருஷம்ப்பா! ரெண்டு வருஷம் நான் பெல்லு அடிச்சிக்கினு இருந்தேன்!"

சம்சாரம் என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளாய் அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை. "அப்ப வாங்க" என்றாள். "தட்டு எடுக்கறேன். ஊர்ல அழைக்கற மாதிரி வாசல் வாசலா போயி அழைப்போம். பொட்டியில அட்டைய போட்டா யாருடி வருவா? செஞ்சியிலயே வரமாட்டாங்க."

அன்று சாயங்காலம் நடந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வளைகாப்பு சமாச்சாரத்தில் ஆம்பளைக்குப் பந்தலில்கூட இடம் கிடையாது. அங்கே முன்னால் நடந்தவன் நான். பின்னால் குங்குமமும் கற்கண்டும் வைத்த தட்டோடு சம்சாரம், மொழிபெயர்க்க மகள், குடை பிடிக்க மாப்பிள்ளை. முதல் கேட்டில் மாப்பிள்ளை, "மாமா, நான் ட்ரை பண்றேன்" என்று தட்டிப் பார்த்தார். ஒரு நாய்கூடத் திரும்பவில்லை.

"சப்பாத்தி தட்டற மாதிரி இருக்குது மாப்பிள்ள" என்றாள் என் சம்சாரம். "அவுருகிட்ட வுடுங்க. அவுருக்கு இது ஒண்ணுதான் வரும்."

மனைவி வாயிலிருந்து வந்ததால் அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். டப்! டப்! டப்! கேட்டுக்குக் கேட்டு திறந்தது. மகள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, பெண்கள் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள், வருகிறோம் என்றார்கள். அந்த ஊர் வழக்கப்படி எதிர்வீட்டம்மா எல்லாருக்கும் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு எனக்கும் ஒன்று கொடுத்தாள். அடுத்த கேட்டிலிருந்து, நான் தட்டி முடித்ததும் சம்சாரம் என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டாள்.

வளைகாப்பு நாள் வந்தது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு நல்ல நேரம். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் தயார். மகள் அரக்குப் பட்டுக் கட்டி, தலைநிறையப் பூ வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அரை வட்டமாகக் காலி நாற்காலிகள்.

பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. தெருவில் அதே பழைய அமைதி. சம்சாரம் அடுப்புக்கும் கடிகாரத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"ஒத்தப்படையில பொம்பளைங்க வேணும். நான் ஒருத்தி ஒத்தப்படைதான், ஆனா அதுக்கு இது அர்த்தமில்ல" என்றாள். அப்புறம், என் பக்கம் திரும்பாமலே, "நீங்களும் உங்க கைத்தட்டலும்!"

மகள் தட்டில் இருந்த வளையல்களை நிறவாரியாகப் பிரித்து அடுக்கினாள். பிறகு அதையே கலைத்து மறுபடி அடுக்கினாள். குளியலறைப் பக்கம் அவள் கண் ஒருமுறை போனது.

மேஜைமேல் போனில் அவலூர்பேட்டையிலிருந்து என் அக்கா. அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். குரல் மட்டும் அன்றைய வரப்புக் குரல்தான், போன் மேஜையில் நகர்ந்தது. "இன்னாடா கைதட்டி! இன்னா எல்லாரும் மூஞ்சத் தூக்கி வச்சினு இருக்கறீங்க?"

"யாரும் வரலக்கா" என்றேன்.

"நீ தட்டனியா?"

"தட்டனேன்."

"தட்டன ஒடனே மலை என்னிக்காவது தட்டியிருக்குதாடா? கொஞ்சம் லேட்டாத்தான் வரும். பாறையவிட்டு நகராம நில்லு."

அவள் ஒருத்திதான் இதைச் சொல்ல முடியும். நான் எழுந்து வெளியே போய், முன்வாசலில், கேட்டுக்கு நேரே நின்றேன். நகரவில்லை. கொய்யா மரத்தில் அந்தப் பஞ்சுக்காதுக் குரங்கு ஒன்று உட்கார்ந்து என்னையே பார்த்தது. அதற்கும் பொழுது போகவில்லை போலிருக்கிறது. மணி பன்னிரண்டு ஆக இன்னும் கால் மணி நேரம்தான்.

டப். டப். டப்.

நான் தட்டவில்லை. கேட்டுக்கு வெளியிலிருந்து வந்தது.

நம்மவர்களே, வாழ்க்கை முழுக்க நான் தட்டியிருக்கிறேன். குரங்குக்குத் தட்டினேன், பஸ்ஸுக்குத் தட்டினேன், மேடையில் பேசின எல்லாருக்கும் தட்டினேன். என் வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட ஒருத்தர் கைதட்டியது அதுவே முதல் தடவை. தாழ்ப்பாளை எடுத்துக் கேட்டை அகலத் திறந்தேன்.

எதிர்வீட்டம்மா பூப்போட்ட கவுன் போட்டு, உதட்டுச் சாயம் பூசி, கையில் ஒரு தாம்பாளத்தோடு நின்றாள். பின்னால் ஈரத்தலைப் பெண், இப்போது தலை காய்ந்து. அவள் பின்னால் மூலைவீட்டு அம்மாவும் மகளும். அவர்களுக்குப் பின்னால் நாங்கள் அழைத்தவர்கள், அழைக்காதவர்கள், அழைக்காதவர்களின் மாமியார்கள். அந்த ஊரில் சொன்ன நேரத்துக்குப் போவது மரியாதை இல்லையாம், வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டுமாம். இதை மாப்பிள்ளை முன்னாடியே சொல்லியிருக்கலாம். "கேட்கலியே மாமா" என்றார் பிற்பாடு.

உள்ளே போனபின் எனக்கு இடமில்லை. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். சந்தனம் பூசினார்கள், பன்னீர் தெளித்தார்கள், ஆளுக்கு ரெண்டு வளையலாக மகள் கையில் மாட்டினார்கள். பிறகு வந்தவர்களுக்கும் வளையல் கொடுக்க வேண்டுமே! எதிர்வீட்டம்மாவின் கை நம் பஜாரில் எந்த அளவுக்கும் அடங்காத கை. சம்சாரம் விடவில்லை. வளையல்காரர் போல அந்தக் கையைப் பிடித்து, சோப்பு போட்டு, கட்டைவிரலை உள்ளே மடக்கி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏற்றிவிட்டாள். பேச்சு முழுக்கச் செஞ்சித் தமிழ். "இன்னா கையிம்மா இது, ஒரல் தூக்கற கையி! தளர வுடு, தளர வுடு... தோ, போயிட்டுது பாரு!" அந்தம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. வளையல் ஏறினதும் அறை முழுக்கக் கைதட்டினார்கள். போனில் அக்கா குலவையிட்டாள். மகள் திடீரென்று வயிற்றில் கை வைத்து, "எம்மா, ஒதைக்குது!" என்றாள். மறுபடி ஒரு கைத்தட்டல். மணி பன்னிரண்டு அடிக்க இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்தது.

எதிர்வீட்டம்மா கொண்டுவந்த தாம்பாளத்தில் இருந்தது அசல் மல்லாட்டை மிட்டாய். வெல்லப்பாகு, உடைத்த பருப்பு, அதே கடினம். என் கடைவாய்ப்பல் ஒன்று ஆடியது. "மாமா, மல்லாட்டையே இந்தக் கண்டத்துலேர்ந்துதான் நம்ம ஊருக்கு வந்துது, தெரியுமா?" என்றார் மாப்பிள்ளை.

அப்படியா சேதி! ஒன்பது வயசில் கால் தோல் உரிய நின்று நான் காவல் காத்தது இவர்கள் வீட்டுப் பயிருக்கா? அப்படியானால் இந்தப் பெண்கள் வந்தது விருந்துக்கு மட்டுமில்லை, பதில் மரியாதைக்கும்தான். தாம்பாளத்திலிருந்து இன்னொரு மிட்டாயை உரிமையோடு எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பும்வரை அந்தக் கேட்டில் கைத்தட்டல் நிற்கவில்லை. காலையில் ஒருத்தி ரொட்டியோடு, சாயங்காலம் ஒருத்தி பழைய தொட்டிலோடு. பேரன் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று தெருவே வந்து தட்டியது, அவன் திடுக்கிட்டு எழுந்து அழுதான். சத்தம் சன்னமாக, நனைந்த கோழிக்குஞ்சு போல இருந்தது.

"அய்யோ, தாத்தா கொரலு!" என்றாள் என் சம்சாரம்.

நான் கவலைப்படவில்லை. அவன் ரெண்டு கையையும் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கை நன்றாக அகலம்.

அந்தப் பூசாரி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இருந்திருந்தால் ஒரு மூட்டை மல்லாட்டையைத் திருப்பிக் கேட்டிருப்பேன். பேய் இன்னும் எறங்கவில்லை, சாமி. கடல் தாண்டிப் போய்க் குடும்பத்தோடு இருக்கிறது.